குளத்தை மூடச் சொன்னவர்கள்

இருபத்தேழு பேர். அதில் இருபத்தாறு பேரைப் பற்றிக் கனகசபைக்குக் கவலையில்லை. வாளியைக் குளத்தில் முக்கி எடுத்து, தோள் உயரத்துக்குத் தூக்கி, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை வழியாக அந்தத் தண்ணீரைக் குளத்திலேயே திரும்ப ஊற்றினார். மழைபோலச் சிதறி விழுந்தது. விழுந்த இடத்துக்கு மீன்கள் வந்து முட்டிக்கொண்டு நின்றன, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. மணி ஒன்றே கால். காலை பத்துக்குப் போன மின்சாரம் ஐந்துக்குத்தான் வரும், மாதாந்திரப் பராமரிப்பு, நேற்றே அறிவித்துவிட்டார்கள். குடியிருப்பின் ஜெனரேட்டர் பழுதாகி ஒரு வாரமாயிற்று. பம்பு ஓடாமல் குளத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்து காய்கிறது. வேலூர் வெயில். மொட்டைப் பாறை மலைகள் மூன்று பக்கமும் நின்று அனலை ஊருக்குள் திருப்பிவிடுகிற வெயில், அதுவும் கத்திரி. தண்ணீர் சூடானால் அதில் காற்று தங்காது, காற்று தங்காவிட்டால் மீனுக்கு மூச்சில்லை, ஆகவே கையால் காற்றைக் கலக்க வேண்டும், ஒரு வாளி, இன்னொரு வாளி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை, யோசிக்காமல் செய்துகொண்டே இருந்தால் நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும், முப்பத்தொரு மீனும் பிழைத்துவிடும். ஆனால் இருபத்தேழாவது பெயர். சட்டைப் பையில் கைபேசி இருந்தது, துணியைத் தாண்டி நெஞ்சில் சூடாக உறைத்தது. எடுத்துப் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே ஆறு தடவை பார்த்தாயிற்று. குடியிருப்பு வாட்ஸப் குழுவில் மூன்று நாளாக ஓடிய வாக்கெடுப்பு: முன்புறக் குளத்தை மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் அமைக்கலாமா? ஆம், இருபத்தேழு. இல்லை, நாலு. யார் யார் என்று விரலால் தட்டிப் பார்த்தால் பெயர் வரிசையாக வரும், பக்கத்தில் அவரவர் படத்தோடு. பாதிப் பேர் யார் என்றே அவருக்குத் தெரியாது, வாடகைக்கு வந்தவர்கள், அவர்கள் கார் வெயிலில் நிற்கிறது, சரி. கடைசிப் பெயர் வசுமதி கனகசபை. பக்கத்தில் அவள் படம்கூட இல்லை, ஒரு மீனின் படம், போன தீபாவளிக்கு இவரே எடுத்துக் கொடுத்தது.

விரல் தவறிப் பட்டிருக்கும். முதலில் அப்படித்தான் நினைத்தார், நினைத்த உடனேயே அது இல்லை என்றும் தெரிந்தது, ஏனென்றால் வசுமதிக்கு விரல் தவறாது. முப்பத்து நாலு வருஷத்தில் உப்பு கூடியதில்லை, ஸ்வெட்டர் பின்னினால் ஒரு கண்ணி விட்டுப்போனதில்லை, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் கைத்தவறு என்று ஒரு வார்த்தை அவளை யாரும் சொன்னதில்லை. ஆம் என்று போட்டிருக்கிறாள் என்றால் ஆம் என்றுதான் அர்த்தம். நேற்று ராத்திரி ஒன்பது நாற்பத்திரண்டு என்று காட்டியது. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? கூடத்தில், அவளுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, காலி தண்ணீர் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து ப்ரீசரில் வைக்க அடுக்கிக்கொண்டிருந்தார், நாளைக்கு ஷட்டவுன் வசு, ஐஸ் வேணும் என்று சொல்லிக்கொண்டே. அவள் ம் என்றாள். கைபேசியைப் பார்த்துக்கொண்டு ம் என்றாள். அந்த ம்முக்கும் இந்த ஆமுக்கும் நடுவில் அவள் விரல் எங்கே இருந்தது? அப்புறம் தூங்கினாள், காலையில் எழுந்தாள், இட்லி வைத்தாள், இன்னொண்ணு வைக்கட்டுமா என்று கேட்டாள், சட்னி கெட்டியாக இருக்கிறதே என்று அவர் சொன்னதற்குத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். எல்லாம் அந்த ஆம் போட்ட கையால். அவர் இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டார், மடையன், இன்றைக்கு வாளி தூக்க வேண்டுமே என்று.

வாளி கனத்தது. தோள்பட்டையில் ஒரு நரம்பு சுண்டியது. எட்டு ஐஸ் பாட்டிலும் பதினொரு மணிக்கே கரைந்து, இப்போது குளத்தில் வெறும் பாட்டில்களாக மிதந்தன. நிழலுக்காகக் கட்டியிருந்த பச்சை வலை பாதிக் குளத்தைத்தான் மூடியது. மீதிப் பாதியில் வெயில் நேராக இறங்கித் தரை தெரிந்தது. மீன்கள் நிழலில் போய் நிற்க வேண்டியதுதானே, நிற்கவில்லை, அவர் நிழல் விழும் இடத்துக்கே வந்தன. ஆரம்பத்தில், ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒன்றும் தெரியாத காலத்தில், இப்படி வாயைத் திறந்துகொண்டு வந்தால் பசி என்று நினைத்துத் தீனி போட்டார். பாசம் என்றுகூட நினைத்தார். பக்கத்தில் நின்று வசு சிரித்தாள், உங்களைத்தான் தேடுதுங்க என்றாள். மறுநாள் ஒன்பது மிதந்தன. வெயிலில் தீனி போடக் கூடாதாம், தின்றது செரிக்கவும் அதே காற்றுதான் வேண்டுமாம், இருக்கிற கொஞ்ச மூச்சையும் வயிறு பிடுங்கிக்கொள்ளுமாம். மூச்சு முட்டித்தான் மேலே வந்திருக்கின்றன, இவர் பொரியைத் தூவியிருக்கிறார். வாயைத் திறந்து கேட்பது என்ன என்று தெரியாமல் போட்டால் போடுவதே விஷம். இதை அப்புறம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். கேட்க ஆளிருந்த காலம் அது. கட்டடம் கட்டியவன் அலங்காரத்துக்கு வைத்த நீரூற்று ஒரே வருஷத்தில் செத்துப்போய், குளம் கொசுக் கிடங்காகக் கிடந்தபோது, மூடிவிடலாம் என்று அன்றைக்கே சொன்னார்கள். வசுதான் கூட்டத்தில் எழுந்து நின்றாள். அவர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார்; முப்பத்தோரு வருஷம் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், நூற்றுக்கணக்கான ஷட்டவுனுக்குத் தன் கையால் லைனை நிறுத்தியவர், எப்ப சார் வரும் என்று கேட்ட ஆயிரம் பேருக்கு வந்துடும் வந்துடும் என்று சொன்னவர், ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் மாடி நடையில் நின்றுகொண்டிருந்தவர். இவர் பாத்துக்குவார், நான் பொறுப்பு என்று வசு சொன்னாள். நான் பொறுப்பு. அதே வாய். அப்படியென்றால் குளத்தை அவள்தான் கொடுத்தாள், அவளே எடுக்கிறாள். கொடுத்தவளுக்கு எடுக்க உரிமை உண்டா? உண்டு என்று ஒரு மனசு சொன்னது, அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்.

"இன்னா சார், மணி ரெண்டாவப் போவுது, சாப்புடலியா?" என்று காவல்காரர் முனுசாமி நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டே கேட்டார். "அம்மா ரெண்டு தபா மேலேருந்து எட்டிப் பாத்தாங்க."

"பாக்கட்டும்" என்றார் கனகசபை.

எட்டிப் பார்க்கட்டும், மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்க்கத்தான் முடியும், லிப்ட் ஓடவில்லை, இறங்கி வரப் போகிறாளா என்ன. படி அவளுக்கு ஆகாது. போன மே மாதத்திலிருந்து ஆகாது. அங்கே போகக் கூடாது, போன மே மாதத்துக்குப் போகக் கூடாது, மண்டை ஏற்கெனவே கொதிக்கிறது. துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கொசுவாக இருக்குமோ? கொசுவுக்காக ஆம் போட்டாளோ? மீன் இருக்கிற குளத்தில் கொசு வராது என்று அவளே பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாடம் எடுத்தவள். அவள் தங்கை சொல்லிக்கொடுத்திருப்பாளோ? நாலு மாசமாகப் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ பேசினாள், தங்கையாகத்தான் இருக்கும். அல்லது போன மே மாதம்தானோ. அதற்காகவா? ஒரு வருஷம் கழித்தா? அன்றைக்கும் இதே போல, கத்திரி ஆரம்பித்த மூன்றாம் நாள், மின்மாற்றி வெடித்து மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை, தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். கைபேசி குளத்துக் கட்டைச் சுவரில் துண்டுக்கு அடியில் இருந்தது. சத்தம் கேட்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார், மகனிடம் சொன்னார், ஆஸ்பத்திரியில் சொன்னார், மச்சினியிடம் சொன்னார், சொல்லிச் சொல்லிச் சத்தம் கேட்காமலே போய்விட்டது. ஆனால் முதல் தடவை அடித்தபோது துண்டு விலகியிருந்தது. வசு என்று திரையில் எழுத்து மின்னியது. சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். நினைத்தாரா, நினைத்ததாகப் பிற்பாடு வைத்துக்கொண்டாரா? ஒரு பெரிய மீன் அந்த நேரம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது, அதைக் கையில் தாங்கி முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார், கையை விட்டால் போயிற்று. இரண்டாவது தடவை அடித்ததும் கேட்டது. மூன்றாவது உண்மையாகவே கேட்கவில்லை.

நாலரை மணிக்கு மேலே போனபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். இரண்டு மணி நேரம். இடுப்பெலும்பு. தரை ஈரமாக இருந்தது. தரை எப்படி ஈரமாயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, வழுக்கிடுச்சு டாக்டர் என்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ப்ரீசரிலிருந்து ஐஸ் பாட்டில்களை அள்ளிக்கொண்டு ஓடியது யார் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, அந்தச் சொல்லாததை அவர் வாங்கி வைத்துக்கொண்டார், மடியில் விழுந்த பழம்போல. ஆனால் ஒன்று இருக்கிறது, அவருக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, அதை இந்த ஒரு வருஷமாக அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்: தரையில் கிடந்தவள் அவரைப் பார்த்ததும் முதலில் கேட்டது மீனெல்லாம் என்னாச்சுங்க என்றுதான். குளத்தின் மேல் கோபமிருந்தால் அப்படிக் கேட்பாளா? ஒண்ணுகூடச் சாகலை வசு என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், வாசற்படியில் நின்று, ஈரத்தோடு. அதற்கப்புறம்தான் அவளைத் தூக்கக் குனிந்தார். இப்போது வாளி பாதியில் நின்றது. அவள் கேட்டது மீனைப் பற்றித்தானா? இல்லை, அவர் எதற்குப் பதில் சொல்கிறார் என்று பார்த்தாளா? சேச்சே. வலியில் துடித்துக்கொண்டிருந்தவள் சோதனையா வைப்பாள்? வாளி மறுபடி இறங்கியது. துரோகம் செய்தவளுக்காக வாதாட இந்த மனசுக்கு என்ன வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நேரில் சொல்லியிருக்கலாம். ஊரறியக் கை தூக்கிவிட்டு வீட்டுக்குள் இட்லி வைக்கிறாள்.

இரண்டரை மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு தியோடர் வந்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், முதல் மாடி, கனகசபையைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர், அதுதான் சங்கடம். குடையைச் சாய்த்துத் தண்ணீரை எட்டிப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும். தெரியுது. மீனுங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை வந்து பத்திரமா எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆக்சிஜன் அடைச்ச பையில போட்டு."

"யாரு வருவாங்க?"

"ஒடுகத்தூர் பக்கம் ஒரு பண்ணைக்காரர். பெரிய குளமாம், சுத்தி மரமாம், கிணத்துத் தண்ணியாம். போட்டோகூட அனுப்பியிருந்தார்." தியோடர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "மேடம் சொல்லலையா சார்? மேடம்தானே நாலு மாசமாத் தேடி அலைஞ்சு இடம் பாத்தாங்க. இடம் கிடைச்ச பிறகுதான் ஓட்டெடுப்பு வைக்கணும்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. நான் உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

"தெரியும்" என்றார் கனகசபை. "தெரியும், தெரியும்."

தியோடர் போன பிறகும் தெரியும் என்ற சொல் வாயில் கசந்துகொண்டிருந்தது. நாலு மாசம். தங்கை இல்லை, பண்ணைக்காரன். பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று குளம் எத்தனை அடி, மரம் இருக்கிறதா, கோடையில் தண்ணீர் வற்றுமா என்று கேட்டிருப்பாள். சரியாகத்தான் கேட்டிருப்பாள், அவரிடமிருந்து கற்றுக்கொண்டதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பாள். பின்னல் போடுகிற மாதிரி ஒவ்வொரு கண்ணியாக. அவளும் தியோடரும் பண்ணைக்காரனும், யார் கண்டது முனுசாமியும், எல்லாரும் ஒரு பக்கம் நின்று ஒரு கிழவனைத் தண்ணீர் ஊற்ற விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை போகப்போகிற மீன்களுக்கு வியாழக்கிழமை உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான் பார் என்று. வாளி இரண்டு தடவை கைதவறிக் குளத்திலேயே விழுந்தது. முழங்கையிலிருந்து விரல்வரை மரத்துப்போயிருந்தது. இன்றைக்கு ஊற்றாமல் விட்டால் என்ன? போய்ச் சாப்பிட்டுப் படுத்தால்? முப்பத்தொன்றும் மிதக்கும், ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரன் வெறும் பையோடு திரும்பிப் போவான், அவள் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். இப்படி நினைத்ததும் பயந்துபோய், அவசர அவசரமாக நாலு வாளி சேர்ந்தாற்போல ஊற்றினார்.

மூன்றரை மணி இருக்கும். முனுசாமி எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வசுமதி படிக்கட்டு வாசலில் நின்றாள். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, ஒரு கை சுவரில். மூன்று மாடி. முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கியது. அவர் அசையவில்லை. அவளே மெல்ல மெல்ல நடந்து வந்து கட்டைச் சுவரில் செம்பை வைத்து, பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மோர். குடிங்க."

"தியோடர் சொன்னாரு" என்றார் அவர்.

"ம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல வசு? ஊர்ல எல்லாருக்கும் தெரியுது. எனக்குத்தான் தெரியல. நான் என்ன அந்நியனா?"

"சொன்னேன்."

"எப்போ சொன்னே?"

"பொங்கல் முடிஞ்சு சொன்னேன். மாசியில ஒரு தரம் சொன்னேன். இந்தக் குளம் வேண்டாங்க, என்னால இன்னொரு கோடையைத் தாங்க முடியாதுன்னு சொன்னேன். நீங்க பம்பைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, ஆமா ஆமா, இந்த வருஷம் வெயில் ஜாஸ்திதான்னீங்க."

அவருக்கு ஞாபகமில்லை. பம்பைப் பிரித்தது ஞாபகமிருந்தது, உள்ளே சக்கரத்தில் பாசி சுற்றியிருந்தது ஞாபகமிருந்தது, அதைத் தீக்குச்சியால் நோண்டி எடுத்தது ஞாபகமிருந்தது. அவள் எங்கே நின்றாள், என்ன சேலை, ஒன்றுமில்லை. பொய் சொல்கிறாள் என்று சொல்லிவிடலாம். அவள் பொய் சொல்ல மாட்டாள்.

"போன வருஷத்தை மனசுல வச்சுக்கிட்டு என்னைப் பழி வாங்கறே" என்றார். குரல் அவருக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது. "வேணும்னா அதை நேரா கேளு. வேணும்னா திட்டு."

"பழியெல்லாம் இல்லீங்க." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினாள், யாரிடமோ வழி சொல்வதுபோல. "போன மாசம் ஒரு நாள் குளியலறையில கால் லேசா வழுக்கிச்சு. விழலை, பிடிச்சுக்கிட்டேன். கீழ நீங்க இருந்தீங்க, என் கையில போன் இருந்துச்சு. யாரைக் கூப்பிடலாம்னு யோசிச்சேன். முனுசாமி ஞாபகம் வந்துச்சு, எதிர் வீட்டுப் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. உங்க ஞாபகம் வரவே இல்லை. ரொம்ப நேரம் கழிச்சுத்தான், ஐயோ, இவரு இருக்காரேன்னு தோணுச்சு. அது போன வருஷம் விழுந்ததைவிடப் பயமா இருந்துச்சுங்க. அப்படியே போயிடக் கூடாதுன்னுதான் ஓட்டுப் போட்டேன். குளம் போனா நீங்க மேல வருவீங்கன்னு நினைச்சேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, எழும்பி வந்துவிட்டது, நாக்குவரை வந்துவிட்டது, வசு என்பதுதான் அதன் முதல் சொல். அந்த நேரம் அவள் தோளுக்குப் பின்னால், வலை மூடாத வெளிச்சத் தண்ணீரில், ஒரு கறுப்பு மீன் மெதுவாகச் சாய்ந்தது. வெள்ளை வயிறு பாதி தெரிந்தது. செவுள் ஒரு தடவை விரிந்து, விரியாமல் நின்றது. அவர் தலையைத் திருப்பவில்லை; கண்தான் போனது, ஒரு நொடி, அரை நொடி. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்கவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

"போங்க" என்றாள். "போய்ப் பாருங்க."

"ஒரு நிமிஷம் வசு. ஒரே நிமிஷம். இங்கயே உக்காரு."

கட்டைச் சுவரைத் தாண்டி இறங்கினார். தண்ணீர் தொடைவரை வெதுவெதுவென்று ஏறியது. கறுப்பு மீனை அடியில் கைகொடுத்துத் தாங்கினார், வழவழவென்று, கனமே இல்லாமல் இருந்தது. தலையை முன்னால் காட்டி, மெல்ல முன்னுக்கு, மெல்லப் பின்னுக்கு, வாய் வழியே தண்ணீர் போக, செவுள் வழியே வெளியேற, அவசரப்படக் கூடாது, அவசரப்பட்டால் போயிற்று. வா, வா, இன்னும் கொஞ்சம், இந்தா. இடது கையால் மேலே தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உள்ளங்கையில் ஏதோ துடித்தது. செவுள் ஒரு தடவை விரிந்தது, இன்னொரு தடவை, பிறகு ஒழுங்காக. வால் அவர் மணிக்கட்டில் அடித்தது. கையை அகலமாக விரித்தார். மீன் அங்கேயே ஒரு கணம் நின்று, நேராகி, வலை நிழலுக்குள் இறங்கிப் போனது. நாள் முழுக்க மார்பில் கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து, சிரிப்பே வந்துவிட்டது அவருக்கு, திரும்பினார்.

கட்டைச் சுவரில் செம்பு மட்டும் இருந்தது. படிக்கட்டின் சிமென்ட் ஜன்னல் ஓட்டைகளுக்குப் பின்னால் அவள் சேலை முதல் மாடியைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

"வசு!" என்று தண்ணீரில் நின்றபடியே கத்தினார். "பொழச்சிடுச்சு வசு! பொழச்சிடுச்சு!"

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சேலை நின்றது. தன் குரலுக்குத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, இன்னும் ஒரு தடவை சொல்ல மூச்சை இழுத்தார். அதற்குள் அவள் கைப்பிடியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து, அடுத்த படி ஏறினாள். இடுப்பைப் பிடித்துக்கொள்ளத்தான் நின்றிருந்தாள்.